சிவப்பு வாளி

"அந்த வாளியை ஏம்மா எடுத்தே?"

"கால் கழுவத்தான். வாளியை வேற எதுக்கு எடுப்பாங்க..."

"அது கால் கழுவற வாளி இல்லை! கொக்கியில மாட்டியிருந்ததுல்ல? மாட்டியிருக்கற பொருளை ஒரு வார்த்தை கேட்காம..."

"ஓகோ, வாளியை எடுக்கக்கூட உத்தரவு வாங்கணுமா? வாசல்ல இருந்து உள்ளே வர்றதுக்குள்ள முழங்கால் வரைக்கும் சேறு. விரல் இடுக்குல அட்டை. அதைப் பிச்சுப் போடவாவது..."

"மெதுவாப் பேசும்மா."

"நான் எப்பவும் பேசற மாதிரிதான் பேசறேன்."

"அதான் சொல்றேன். உன் குரல் மேலே போகும்."

"மேலே யாருடி உட்கார்ந்திருக்கா, என் குரலைக் கேட்கறதுக்கு?"

என் மகள் என் காலடியில் இருந்த சிவப்புப் பிளாஸ்டிக் வாளியைப் பிடுங்கினாள். சேற்றுத் தண்ணீரை வாசற்படியிலேயே கொட்டிவிட்டு, மழையில் இறங்கி ஓடி, கூரையோரத்துக் கொக்கியில் அதை மறுபடி மாட்டினாள். திரும்பி வருவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டாள். உள்ளே வந்ததும் ஒரு துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டு இருமினாள். சத்தமே வரவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. கண்ணில் தண்ணீர் வந்தது.

அந்த இருமலுக்காகத்தான் முந்தின நாள் நான் வந்திருந்தேன்.

போனில் பேசும்போதெல்லாம் நடுவில் திடீரென்று அவள் குரல் நின்றுவிடும். "லைன் போயிடுச்சா?" என்பேன். கொஞ்சம் கழித்து, "இல்லம்மா, சொல்லு" என்பாள், மூச்சு வாங்க. சிக்னல் சரியில்லை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சிக்னல் அல்ல, நெஞ்சுதான் சரியில்லை என்று புரிந்த அன்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அவளைக் கையோடு கீழே கூட்டிக்கொண்டு போய், நல்ல டாக்டரிடம் காட்டி, அது குணமாகும்வரை காய்ந்த வீட்டில் படுக்கவைப்பது என்று தீர்மானம். மத்தியானம் ஒரு பஸ் இருக்கிறது. அதை விட்டால் நாளைக்குத்தான், அதுவும் நடுவில் மண் சரியாமல் இருந்தால்.

இந்த ஊரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் என்றைக்கும் இருந்ததில்லை. மரம், அதைவிட்டால் இன்னும் மரம். மரத்துக்கு நடுவில் மழை. மழைக்கு நடுவில் தகரக் கூரை போட்ட கொஞ்சம் வீடுகள். இதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். எங்கள் ஊரில் கூரை ஒழுகினால் கொத்தனாரைக் கூப்பிடுவோம். இங்கே ஒழுகும் கூரைக்கடியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

வீட்டுக்குள்ளும் அதே லட்சணம்தான். அலமாரியைத் திறந்தால் காளான் வாசனை. உப்பு ஜாடியில் உப்புத் தண்ணீர்தான் இருந்தது. தீப்பெட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைத்த பிறகே குச்சியை உரச முடியும். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளை முகத்தை மட்டும் பூஞ்சை பிடித்திருந்தது. அதை நான் துடைக்கவில்லை.

காய்ந்த அறை ஒன்றே ஒன்று உண்டு. நடுவில் இரும்புக் கணப்பு, சுற்றிலும் கயிறு. ஆனால் அது மனிதர்களுக்கு இல்லை. மலையேற வருகிறவர்களின் பூட்ஸுகளுக்கு. முந்தின ராத்திரி வரிசையாக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவை குளிர் காய்ந்துகொண்டிருந்தன. என் மகள் அடுத்த அறையில், ஈரச் சுவரில் முதுகு பட, அவற்றின் காலுறைகளைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

சரி, வாளிக்கு வருகிறேன். நான் அதை இறக்கிய அந்தக் கொஞ்ச நேரத்தில் ஊருக்குத் திடீரென்று உயிர் வந்திருந்தது. எங்கோ ஒரு சேவல் கூவியது. ஒரு ரேடியோ பாட ஆரம்பித்தது. எதிர்வீட்டில் தையல் மெஷின் கடகடவென்று ஓடியது. மகள் வாளியை மாட்டினாளோ இல்லையோ, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கிவிட்டது. சேவல்கூட.

கதவைத் தட்டாமல் எதிர்வீட்டுத் தையல்காரம்மா உள்ளே வந்தாள். குடையை மடக்கவில்லை. கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

"என்ன விளையாடறியா?" என்று கிசுகிசுத்தாள். "வாளி இறங்கியிருந்ததே, குழு கீழே இறங்கிட்டாங்கன்னு நினைச்சு மெஷினை ஓட்டிட்டேன்."

"அம்மா தெரியாம எடுத்துட்டாங்க அக்கா."

தையல்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஊருக்குப் புதுசா?"

"ஊர்னு சொன்னா ஊருக்குக் கோவம் வரும்" என்றேன், குரலைக் கொஞ்சமும் குறைக்காமல்.

அவள் உதட்டில் விரலை வைத்து, "ஸ்ஸ்!" என்றாள். சின்னப் பிள்ளையை அடக்குகிற மாதிரி என்னை அடக்கிவிட்டு, குடையோடு போய்விட்டாள்.

"இப்ப சொல்றியா, இல்லை நானே போய் அந்த வாளியைக் கேட்கட்டுமா?"

மகள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. "சொல்றேன். ஆனா நீ கத்தக் கூடாது."

"நான் எங்கே கத்தறேன்?"

"இவர் ஆட்களைக் கூட்டிட்டு உச்சிப்பாறைக்குப் போவார்ல?"

"உன் புருஷன் செய்யற ஒரே வேலை அதுதானே. தெரியும்."

"காலையில காட்டுக்குள்ள நுழைஞ்சா, ஏறி இறங்கி, ஓடையைத் தாண்டித் தாண்டி, மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னாடிதான் போய்ச் சேருவாங்க."

"எத்தனை ஓடை?"

"ஒரே ஓடைதான். இந்தப் பக்கத்துல இருந்தும் அந்தப் பக்கத்துல இருந்தும் தாண்டுவாங்க."

எனக்கு ஏதோ பிடிபட ஆரம்பித்தது. "உச்சிப்பாறை எங்கே இருக்கு?"

அவள் பேசாமல் விரலை உயர்த்திக் கூரையைக் காட்டினாள்.

"நம்ம கொல்லைக்கு மேலேயா?"

"கோழிக் கூண்டுப் பக்கமா ஏறினா, பால் பொங்கறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்."

"அப்ப காலையில இருந்து எங்கேடி நடக்கறாங்க?"

"சுத்தி."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பா ஆத்திரமா என்று எனக்கே தெரியவில்லை. "மேலே இருந்து பார்த்தா ஊர் தெரியாதா?"

"மேகம் மூடியிருக்கும்மா. வெளுப்பா இருக்கும், வேற ஒண்ணும் தெரியாது. கீழே பாதாளம், மனுஷக் கால் படாத காடுன்னு இவர் சொல்வார். எல்லாரும் ஓரத்துல வந்து நின்னு பார்ப்பாங்க."

"என்னத்தைப் பார்ப்பாங்க?"

"மேகத்தை."

"மனுஷக் கால் படாத காட்டுல உன் உள்பாவாடை தொங்குது."

"அம்மா, மெதுவா! பாறைக்குப் போனதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். உடனே நான் வாளியை மாட்டணும். வாளியைப் பார்த்து எதிர்வீடு நிறுத்தும், எதிர்வீட்டைப் பார்த்துப் பக்கத்து வீடு. சேவலைக் கூடை போட்டு மூடிடுவாங்க. பஸ்காரர்கூட ஹாரன் அடிக்க மாட்டார்."

"ஊரே உடந்தை."

"எல்லார் வீட்டுலயும்தான் ஆட்கள் வந்து தங்கறாங்க. எல்லாருக்கும் பிழைப்பும்மா இது."

ஏமாறுவதற்கென்றே பையைக் கட்டிக்கொண்டு கிளம்பி வருகிறவர்களை ஏமாற்றினால் எனக்கென்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. கிளிப்பச்சைக் கோட்டும், இரண்டு கைக்கு இரண்டு கோலுமாக, சமதரையிலும் ஊன்றி ஊன்றி நடக்கிற கூட்டத்தை முந்தின நாள் சாயங்காலம் பார்த்தேன். அவர்களை ஒரே குட்டையைச் சுற்றி ஒரு வாரம் நடக்கவிட்டாலும் நான் கவலைப்பட மாட்டேன். என் கவலை வேறு.

"அதனாலதான் இருமலைத் துணியில மூட்டை கட்டறியா?"

அவள் துண்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். "இருமல்தான் ரொம்ப நல்லா மேலே கேட்குதாம். ஒரு தடவை ஒருத்தர் என்ன சத்தம்னு கேட்டுட்டார்."

"உன் புருஷன் என்ன சொன்னான்?"

"சொன்னார்."

"சரி, சொன்னார். என்ன சொன்னார்?"

"காட்டுப்பன்னின்னு சொல்லிச் சமாளிச்சுட்டார்."



"எழுந்திரு" என்றேன். "மத்தியான பஸ்ஸுக்குப் போறோம்."

"சீசன் முடியட்டும்மா."

"மழை நின்னாத்தானே சீசன் முடியும்? இது மழை நிக்கற ஊரா?"

"நான் வந்துட்டா வாளியை யார் மாட்டறது? ராத்திரிச் சாப்பாடு, பூட்ஸ் காயவைக்கறது..."

"வாளி மாட்ட அங்கே ஒரு கொக்கி இருக்கு. அந்தக் கொக்கிக்கு நீ இன்னொரு கொக்கியா? பூட்ஸுக்குக் கணப்பு போட்டு வச்சிருக்கார் மகராசன். பொண்டாட்டி நெஞ்சுக்கு ஒரு கரித்துண்டு போட மனசு வரலை."

"அவரைச் சொல்லாதே. அவருக்கும் பாடுதான். என்னைக் கூட்டிட்டுப் போகணும்னு அவருக்கும் இருக்கு. ஆனா கீழே போனா எனக்கு ஒத்துக்காதுங்கறார். வெயில் தாங்க மாட்டேனாம். இந்தக் காத்துக்குப் பழகின உடம்பு, கீழே இறங்கினா இன்னும் மோசமாகும்கறார்."

"எந்த வெயில்டி? மொட்டை மாடியில உச்சி வெயில்ல கயிறு தாண்டினவ நீ. கால்ல செருப்பு போட்டுக்கோன்னு நான் கீழே இருந்து கத்துவேன். பிறந்து வளர்ந்த ஊர் உனக்கு ஒத்துக்காதுன்னு உன் உடம்பைப் பார்த்துச் சொல்ல இவர் யார், டாக்டரா? வெறும் மேகத்தைப் பாதாளம்னு விக்கறவர்! அதை வாங்கறவங்களாவது ஊருக்குத் திரும்பிப் போயிடறாங்க. நீ? ஓரத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருக்கே."

"போதும்."

"என்ன போதும்? பன்னின்னு சொன்னா அதுக்கும் வாயைப் பொத்திக்கிட்டு..."

"போதும்னு சொல்றேன்ல!"

அவள் எழுந்துவிட்டாள். துண்டு கீழே விழுந்தது. நான் அவளைப் பெற்றவள். அவளுடைய அழுகை, பிடிவாதம், காய்ச்சல் எல்லாம் பார்த்தவள். இந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"எனக்கு மட்டும் ஆசையா? வேண்டுதலா? வாயைப் பொத்திக்கிட்டே சமைக்கறேன், வாயைப் பொத்திக்கிட்டே துவைக்கறேன்! வயிறு குலுங்கச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா உனக்கு? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஊர் முழுக்கக் கேட்கற மாதிரி இருமணும்மா எனக்கு! அவ்வளவுதான்! அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்!"

பிறகு இருமினாள். கதவைத் திறந்து, வாசலுக்குப் போய், தூணைப் பிடித்துக்கொண்டு, வாயை முழுசாகத் திறந்து இருமினாள். மறைத்து வைத்திருந்த இருமலெல்லாம் ஒரேயடியாக வந்தது. தகரம் அதிர்ந்தது. எங்கோ கூடைக்கடியில் சேவல் பயந்துபோய்ப் பதில் கூவிற்று. எதிர்வீட்டு ஜன்னலில் தையல்காரம்மா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்து ஜன்னல்களும் திறந்தன. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத்தான் முடியாதே, வாளி மாட்டியிருக்கிறதே.

இருமி முடித்துவிட்டு அவள் தூணில் சாய்ந்தாள். முகம் சிவந்திருந்தது. "அப்பாடா" என்றாள். "இப்பத்தாம்மா மூச்சு வருது."

"அப்ப கிளம்பு."

"அவர் வரட்டும். ஒரு வார்த்தை சொல்லாம எப்படிம்மா?"

வரட்டும் என்று விட்டேன். ஆனால் அவள் துணிகளை எடுத்து என் பையில் அடைத்தேன். ஒன்றுகூடக் காய்ந்திருக்கவில்லை. பையை வாசல் கதவோரம், உள்ளே வருகிறவர்கள் தாண்டித்தான் வரவேண்டும் என்கிற இடத்தில் வைத்தேன்.

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

மத்தியான பஸ்ஸுக்கு நேரம் இருக்கும்போதே குழு வந்துசேர்ந்தது; இறங்குவதற்கு மட்டும் குறுக்கு வழியாம். முதலில் ஒரு மஞ்சள் கோட்டுக்காரி, அவள் பின்னால் கோல் ஊன்றும் தாடிக்காரர், பிறகு இன்னும் சிலர். எல்லார் மேலும் தண்ணீர் சொட்டியது. எல்லார் முகத்திலும், ஏதோ கண்டுபிடித்துவிட்டு வருகிறவர்களின் களை. கடைசியாக என் மாப்பிள்ளை. வருகிறவர்கள் அவரைக் கேப்டன் என்று கூப்பிடுவார்கள். கழுத்தில் விசில், இடுப்பில் கத்தி, தலையில் இறகு செருகிய தொப்பி. அந்த இறகு எந்தக் கூடைக்கடியில் இருந்து வந்தது என்று இப்போது எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை பையைப் பார்த்தார். ஒரு நொடி நின்றார். பிறகு அதைத் தாண்டி உள்ளே வந்து, "அத்தை, ராத்திரி குளிர் ஒண்ணும் பண்ணலையே?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் பண்ணலை மாப்பிள்ளை."

என் மகள் டீ போட உள்ளே போய்விட்டாள். எல்லாரும் பூட்ஸைக் கழற்றிக் கணப்பு அறைக்குக் கொடுத்துவிட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மஞ்சள் கோட்டுக்காரிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"நீங்க இந்த வீட்டு அம்மாவா? இன்னிக்கு எங்களுக்கு என்ன யோகம் தெரியுமா? பாறை மேல நிக்கறோம். கீழே ஒரே மேகம். அந்தப் பாதாளத்துக்குள்ள இருந்து ஒரு சத்தம்!"

"அப்படியா?" என்றேன்.

"உடம்பெல்லாம் புல்லரிச்சுடுச்சும்மா. கேப்டன்தான் சொன்னார், அது ஒரு பறவைன்னு. லேசுல யாருக்கும் கேட்காதாம். வருஷக்கணக்கா வர்றவங்களுக்கே கேட்டதில்லையாம்."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தார். காட்டுப்பன்னியில் இருந்து பறவை. என் மகளுக்குப் பதவி உயர்வு.

"பொம்பளை குரல் மாதிரியே இருந்துச்சு" என்றார் தாடிக்காரர். "எனக்குக் கொஞ்சம் சந்தேகம்கூட வந்துச்சு."

"எல்லாரும் அப்படித்தான் சார் ஏமாறுவாங்க" என்றார் மாப்பிள்ளை, கண்ணை இமைக்காமல். "பாறையில பட்டுத் திரும்பி வர்றப்ப மனுஷக் குரல் மாதிரியே இருக்கும்."

"நான் போன்ல பிடிச்சுட்டேன்!" என்று மஞ்சள் கோட்டுக்காரி மேஜை நடுவில் போனை வைத்தாள். "கேளுங்கம்மா."

முதலில் காற்றும், கோட்டுத் தொப்பியில் மழை தட்டும் சத்தமும். அதற்குள்ளே, வெகு ஆழத்தில், ஒரு குரல் ஏறி ஏறி இறங்கியது. வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. நடுவில் எழும்பிய கட்டைக் குரல் என்னுடையது. கடைசியில் அந்த இருமல் வந்தது. மழையையும் காற்றையும் கிழித்துக்கொண்டு, நிற்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக.

"இதோ, இதான்! இந்தக் கடைசிதான் அழகு!" என்றாள் அவள். "இன்னொரு தடவை போடறேன்."

போட்டாள்.

முதல் தடவை கேட்டபோது மாப்பிள்ளை சிரித்த முகமாக இருந்தார். இரண்டாவது தடவை அந்த இருமல் வந்தபோது தொப்பியை உதறுவதை நிறுத்தினார். வாயில் துண்டு இல்லாமல் என் மகள் இப்படி முழுசாக இருமி அவரும் கேட்டிருக்க மாட்டார். அது இவ்வளவு நீளம், இவ்வளவு ஆழம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ளாமல் இருக்கத்தானே ஒரு வாளி.

"நீங்க இதைக் கேட்டிருக்கீங்களாம்மா?" என்று மஞ்சள் கோட்டுக்காரி என்னைக் கேட்டாள்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். ஒரே ஒரு வாக்கியம் போதும். உச்சிப்பாறை எங்கே இருக்கிறது என்று நான் விரலைத் தூக்கிக் காட்டினால் போதும். இந்த வீட்டில் நாளையிலிருந்து பூட்ஸ் காயாது. என் மகள் என்னோடு வந்தே ஆகவேண்டியிருக்கும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அப்படி வந்தால், அவளாக வந்தவள் ஆகமாட்டாள். இங்கிருந்து அறுத்து எடுத்து வந்தவள்தான் ஆவாள். பிறகு கீழேயும் என் வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"கேட்டிருக்கேன்" என்றேன். "சின்னதுல இதுக்கு இந்தச் சத்தம் கிடையாது. ஈரத்துல கிடந்து வந்தது."

மாப்பிள்ளை அவசரமாகக் குறுக்கே வந்தார். "அத்தை பறவையெல்லாம் அவ்வளவா கவனிச்சதில்லை."

"வேற எங்கேயும் இது இருக்கா கேப்டன்?" என்று தாடிக்காரர் கேட்டார். "கீழே, எங்க ஊர்ப் பக்கமெல்லாம்?"

"சான்ஸே இல்லை சார்." அவர் குரலில் பழைய மிடுக்கு திரும்பிவிட்டது. பேசப்பேச அது ஏறியது. "இந்த மழை, இந்தக் காத்து, இந்த மரம், இதுங்கதான் அதுக்கு உயிர். பழகின உடம்பு பாருங்க. வெயில் தாங்காது. கீழே கொண்டுபோனா ரெண்டே நாள்ல செத்துடும்."

"ஐயோ பாவம்" என்றாள் மஞ்சள் கோட்டுக்காரி.

என் மகள் டீத் தட்டோடு சமையலறைக் கதவில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. மேஜைக்கு வந்து ஒவ்வொருவர் முன்னாலும் கோப்பையை வைத்தாள். கடைசிக் கோப்பையைப் புருஷன் முன்னால் வைத்தாள். அவள் தோளில் துண்டு இல்லை.

"ஒரு தடவையாவது கீழே கூட்டிட்டுப் போய்ப் பார்த்திருக்கீங்களா?" என்றாள்.